தொப்புள்கொடி விழும்வரை: எதைத் தடவுவது, எதை விடுவது

தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருக்கும் ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். சிசேரியனில் பிறந்த பெண் குழந்தை, இன்றோடு 9 நாள். கொடி கறுத்துச் சுருங்கிவிட்டது, இன்னும் விழவில்லை. நேற்று இடுப்புத் துணியில் இரண்டு சொட்டு ரத்தம் பட்டிருந்தது. பக்கத்தில் முகர்ந்தால் லேசாக ஒரு வாடை. குழந்தையின் அப்பத்தா வசம்பைச் சுட்டுக் கரியைத் தடவச் சொல்கிறார். அம்மா வழி ஆயாவோ மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்தால் போதும் என்கிறார். எதையும் போடாதீர்கள் என்று சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பியிருக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

மருத்துவமனையில் சொன்னதைக் கேளுங்கள் அம்மா. ஒன்பதாம் நாளில் கொடி விழாமல் இருப்பது இயல்புதான். குழந்தை நன்றாகப் பால் குடித்து, கொடியைச் சுற்றியுள்ள தோல் மற்ற இடத்துத் தோல் போலவே இருந்தால் நீங்கள் எழுதியதில் பயப்பட எதுவும் இல்லை. காரைக்குடிப் பக்கம் பச்சிளங்குழந்தை வார்டில் நெடுநாள் நர்சாக இருந்தவள் நான். இந்தக் கேள்வி வராத வாரம் இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடி எப்படி விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அதற்குள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி வழவழப்பான ஜெல்லி போன்ற பொருள். பிறந்ததும் கிளிப் போட்டு வெட்டியபின் அந்தத் துண்டுக்கு ரத்தம் வருவது நின்றுவிடுகிறது. ஜெல்லியில் உள்ள நீர் வற்றுகிறது. முதல் நாள் வெளிறிய வெள்ளையாகப் பளபளக்கும் கொடி, பிறகு மஞ்சளும் பச்சையும் கலந்து, பழுப்பாகி, கடைசியில் கறுத்து விறைத்துப்போகிறது. இதெல்லாம் வெளியே தெரிவது. கண்ணுக்குத் தெரியாமல் அடிப்பக்கத்தில் இன்னொரு வேலை நடக்கிறது. செத்துப்போன கொடியும் உயிருள்ள தோலும் சேரும் வளையத்துக்குக் குழந்தையின் வெள்ளை அணுக்கள் வந்து கூடி, இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. தோலில் இயல்பாக வாழும் கிருமிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த வளையம் கரைந்து முடிகிற நாளில் கொடி தானாக உதிர்கிறது.

நீங்கள் சொன்ன வாடைக்கும், அடியில் சில குழந்தைகளுக்குத் தெரியும் பிசுபிசுப்பான மஞ்சள் ஈரத்துக்கும் இதுதான் காரணம். பார்ப்பதற்குச் சீழ் மாதிரி இருந்தாலும் அது சீழ் இல்லை. சீழ் என்றால் கெட்ட நாற்றம் அடிக்கும், துடைத்தாலும் மறுபடி ஊறி வரும், சுற்றுத் தோல் சிவந்து வீங்கும்.

ஸ்பிரிட் தடவிய காலத்தில் கொடி விழ ஏன் கூடுதல் நாள் ஆனது என்பதற்கும் இதுவே விளக்கம். கிருமிநாசினி போட்டால் கொடி சீக்கிரம் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். விழ உதவும் தோல் கிருமிகளும் அதில் செத்துப்போவதால் நடப்பது தலைகீழ். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் விழும். சிசேரியன் குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கும் சில நாள் தள்ளிப்போகலாம். உங்கள் குழந்தை சிசேரியன்தானே, 14, 15 நாள் ஆனாலும் பதற வேண்டாம். 3 வாரம் தாண்டியும் விழவில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். வெள்ளை அணுக்கள் தேவையான இடத்துக்குப் போய்ச் சேர முடியாத அரிய பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. அதன் முதல் அடையாளமே கொடி விழத் தாமதமாவதுதான். மிக மிக அரிது என்றாலும் டாக்டர் அதையும் மனதில் வைத்துத்தான் பார்ப்பார்.

அடுத்து அந்த இரண்டு சொட்டு ரத்தம். கொடி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, துணி உரசினாலோ குழந்தை காலை உதைத்தாலோ சின்னக் கசிவு வரும். விழும் அன்றும் அப்படித்தான். துணியில் பொட்டு வைத்த மாதிரி பட்டு, தானாக நின்றுவிட்டால் விட்டுவிடலாம். துடைக்கத் துடைக்க ஊறினாலோ, துணி நனைந்தாலோ சுத்தமான துணியை மடித்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ரத்தம் உறையத் தேவையான அந்த வைட்டமின் குறைவாக இருக்கும் என்பதால்தான் அந்த ஊசி.

நம் பக்கத்தில் எல்லாக் குடும்பத்தாருக்கும் இன்னொன்றும் சொல்வேன். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் முடிப்பது இங்கே வழக்கம். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் மட்டும் வெளிப்படும் பரம்பரை நோய்கள் அப்படிப்பட்ட குடும்பங்களில் சற்றுக் கூடுதல். ரத்தம் உறைவதற்கான 13ஆம் காரணி இல்லாத நோய் அதில் ஒன்று. அந்தக் குழந்தைகள் பலருக்கு முதன்முதலில் ரத்தம் கசிவது தொப்புளில்தான். மேலே சொன்ன வெள்ளை அணுக் கோளாறும் இதே வகைதான். ஆகவே தொப்புள் ரத்தம் நிற்காமல் கசிந்து மருத்துவமனைக்குப் போனால், 'நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள்' என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். குடும்பத்தில் இதற்கு முன் ஒரு குழந்தை இப்படி ரத்தம் கசிந்து தவறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை. எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று டாக்டருக்கு அது வழி காட்டும்.

இனி வசம்பு, மஞ்சள் விவகாரம்.

வசம்பை 'பிள்ளை வளர்ப்பான்' என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். விளக்கில் சுட்டு, கரியைத் தாய்ப்பாலிலோ எண்ணெயிலோ குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினால் வயிறு உப்பாது, கொடி காய்ந்து விழும் என்பது நம்பிக்கை. குழந்தை மேல் உள்ள பாசத்தில்தான் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கரித்தூளோ மஞ்சள் தூளோ கிருமி நீங்கியது இல்லை. கல்லில் உரைக்கிறோம், கையால் எடுக்கிறோம், விளக்கு எண்ணெயில் குழைக்கிறோம். ஆறாத புண் ஒன்றின் மேல் அத்தனையும் போய் உட்காருகிறது. விளக்கெண்ணெய் இன்னும் மோசம், கொடியைக் காயவிடாமல் ஈரப்பசையோடு வைத்திருக்கும். கறுப்பும் மஞ்சளுமாகப் பூசிவிட்டால் தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியாது. வார்டுக்குத் தாமதமாக வந்த குழந்தைகளில் நான் கண்ட பெரிய சிக்கல் இதுதான். பூச்சைத் துடைத்த பிறகுதான் அடியில் தோல் எவ்வளவு தூரம் சிவந்திருக்கிறது என்று தெரியவரும்.

வசம்பை வாயில் வைப்பதும் உண்டென்றால் அதையும் நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள அசரோன் என்னும் பொருள் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். கையில் வசம்பு வளையல் கட்டினாலும், குழந்தை அதைச் சப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விபூதியும் அப்படியே. குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய் வந்தவர்கள் ஆசையோடு எடுத்து வந்து நெற்றியில் இட்டு, மிச்சத்தைத் தொப்புளிலும் ஒரு சிட்டிகை வைப்பார்கள். நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாணமும் மண்ணும் கலந்த எதையும் தொப்புளில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் ரண ஜன்னி. அதை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து அழுத குழந்தை, பிறகு சப்ப முடியாமல் தாடை இறுகி, உடம்பு விறைத்து, தொட்டாலே வலிப்பு வந்து வெட்டி இழுக்கும். ஒரு காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் இது குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டதும், மருத்துவமனைப் பிரசவமும், சுத்தமான பிளேடும் சேர்ந்து அதை அடக்கின. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதி செய்யப்பட்டது. ஒழித்தோம் என்றால் மண்ணில் வித்து இல்லை என்று அர்த்தம் ஆகாது. தடுப்பூசியும் சுத்தமும் தொடரும்வரைதான் அது அடங்கி இருக்கும்.

'சில ஊர்களில் தொப்புளுக்கு மருந்து தடவுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் வேண்டாம்?' என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் தொப்புளைத் துடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் வீட்டில் பிரசவம் நடந்த இடம் அது. இறப்பு ஏறக்குறைய கால்பங்கு குறைந்ததாக 2006இல் முடிவு வெளியானது. அதன்பின் சாம்பியாவிலும் தான்சானியாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில், சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்தால் போதும் என்று சொல்லி, சாணம் போன்ற கெடுதலான பொருள்களைத் தடவும் பழக்கம் இருக்கும் இடங்களுக்கு மட்டும் குளோர்ஹெக்சிடினைப் பரிந்துரைத்திருக்கிறது. நம் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆகவே எதுவும் தடவாமல் உலர்வாக விடுவதே நமக்கான முறை. ஆன்டிபயாடிக் பவுடரும், ஊதா மருந்தும், டால்கம் பவுடரும் தேவையில்லை. ஒரு டாக்டர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதிக்கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

தாய்ப்பால் தடவலாமா என்றும் கேட்பார்கள். தடவிய குழந்தைகளுக்குக் கொடி சற்று முன்னதாக விழுந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாள் முன்னால் விழுவதால் குழந்தைக்கு என்ன லாபம்? பாலைக் குழந்தைக்குக் கொடுங்கள், அதுவே சரி.

பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். பச்சை உடம்போடு மாமியாரிடமும் அம்மாவிடமும் வாதாடி நீங்கள் களைத்துப்போக வேண்டாம். 'டாக்டர் கொடி விழும்வரை ஒன்றும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அப்பத்தா, விழுந்து ஆறினதும் நீங்களே குளிப்பாட்டுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கூடவே அவர்களுக்குச் சரியான வேலை ஒன்றையும் கொடுங்கள். துணி வேலை இருக்கிறதே, அதை அவர்களைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை. புதுத் துணி குழந்தைக்கு உறுத்தும். பல தடவை துவைத்துப் பஞ்சாகிப்போன பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, கொதிநீரில் போட்டு அலசி, வளவில் வெயில் இறங்கும் இடத்தில் கயிறு கட்டிக் காயவைத்து, மொறுமொறுவென்று காய்ந்ததும் மடித்து மூடிவைக்கச் சொல்லுங்கள். மழை நாளென்றால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். தரையில் விழுந்த துணி மறுபடி துவைத்த பிறகுதான் தொட்டிலுக்கு வர வேண்டும். வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும் என்பதை முகப்பிலேயே நின்று சொல்லும் அதிகாரமும் அப்பத்தாவுக்குத்தான் உண்டு. நீங்கள் சொன்னால் மனத்தாங்கல் வரும், அவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

தினம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். இடுப்புத் துணியோ டயபரோ எதுவானாலும் முன்பக்க விளிம்பைக் கொடிக்குக் கீழே வெளிப்பக்கமாக மடித்துக் கட்டுங்கள். கொடி மேலே காற்றுப்பட இருக்க வேண்டும், மூத்திரத்தில் நனையக் கூடாது. தொப்புளைச் சுற்றித் துணிக்கட்டுப் போடுவது, காசு வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். கிளிப் இருந்தால் அது இழுபடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும்.

மலம், மூத்திரம் பட்டுவிட்டால் இப்படிச் செய்யுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு கையால் கொடியின் நுனியை லேசாகத் தூக்குங்கள். அது விறைப்பாக, உணர்ச்சியற்றதாக இருக்கும். அதில் நரம்பு இல்லாததால் குழந்தைக்கு வலிக்காது. ஈரப் பஞ்சு அடித்தோலில் பட்ட குளிர்ச்சிக்குத்தான் அழும். கொடியும் தோலும் சேரும் பள்ளத்தை ஒருமுறை சுற்றித் துடையுங்கள், அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு எடுங்கள். ரொம்ப ஒட்டியிருந்தால் துளி பேபி சோப்புப் போடலாம். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சில நிமிடம் அப்படியே திறந்து விடுங்கள். அழுக்கு படாத நாளில் இதுகூடத் தேவையில்லை.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவதைக் கொடி விழும்வரை ஒத்திவையுங்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். எண்ணெய் தேய்ப்பதானால் கை, கால், முதுகோடு நிறுத்துங்கள், வயிற்றுப் பக்கம் வழியவிட வேண்டாம். குளிப்பாட்டும் அம்மா வந்தால் தொப்புளை அமுக்கி எடுப்பதையும், அதில் வாயால் ஊதுவதையும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் அந்தப் பிஞ்சு மூச்சுக்கு ஆகாது.

நூலிழையில் தொங்கினாலும் கொடியைப் பிய்க்காதீர்கள். நல்ல நாள் பார்த்து விழவைக்க அவசரப்படுகிற வீடுகள் உண்டு. பிய்த்தால் ரத்தம் வரும், ஆறாத வாய் திறக்கும்.

எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து அந்தச் சிவப்பு வயிற்றில் பரவினால், வீங்கிச் சூடாக இருந்தால், தொட்டதும் குழந்தை வீறிட்டால், நாற்றத்தோடு சீழ் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள், காலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறம் சற்று அடர்த்தியான குழந்தைகளுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அப்போது வீக்கமும் சூடும் மினுமினுப்பும்தான் அடையாளம். இதோடு குழந்தை பால் குடிக்காமல் போனாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டாலோ, 35.5க்குக் கீழ் சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் இல்லையே என்று மட்டும் தைரியமாக இருந்துவிடாதீர்கள். பச்சிளங்குழந்தைக்குக் கிருமி ரத்தத்தில் ஏறினால் சில நேரம் உடம்பு சுடுவதற்குப் பதில் குளிர்ந்துபோகும். தொப்புள் சிரை முழுதாக மூடாத நாள்கள் இவை. அது நேரே கல்லீரல் பக்கம் போகும் பாதை. அதனால்தான் தொப்புள் சீழை மேல்புண் போல எண்ணி வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்து ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றுவார்கள். அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்கு இந்தச் சிகிச்சை இலவசம்.

கொடி விழுந்தபின் உள்ளே இளஞ்சிவப்பாக, கொஞ்சம் ஈரமாகத் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். அதற்குப் பிறகும் பட்டாணி அளவில் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை நின்றால் காட்டுங்கள். சில்வர் நைட்ரேட் தொட்டு வைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். சமையல் உப்பு வைக்கும் முறையும் உண்டு, ஆனால் உப்பு உடம்பில் ஏறினால் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. எவ்வளவு, எத்தனை நேரம் என்று டாக்டர் காட்டித் தராமல் நீங்களாக வைக்காதீர்கள். விழுந்த இடத்திலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தால் அது மூத்திரப்பையிலிருந்து வரலாம். மலம் போல வந்தால் குடலோடு தொடர்பு இருக்கலாம். இரண்டையும் அறுவைச் சிகிச்சையில் சரிசெய்ய முடியும். அழும்போது தொப்புள் புடைத்து, அடங்கினதும் உள்ளே போனால் அது குடலிறக்கம். நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். புடைத்தது உள்ளே போகாமல் கெட்டியாக நின்று, குழந்தை வாந்தி எடுத்தால் அது அவசரம்.

விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நன்றாகக் காயவைத்து, மூடி இறுகிய வெள்ளிக் குப்பியில் அடைத்துப் பத்திரப்படுத்துங்கள், குடும்ப நினைவாக இருக்கும். இடுப்பில் கட்டுவதைவிட நகைப்பெட்டியில் இருப்பது நல்லது. திறந்துகொண்டால் குழந்தை வாயில் போட்டு விழுங்கிவிடும். பின்னாளில் நோய் வந்தால் அதிலிருந்து ஸ்டெம் செல் எடுக்கலாம் என்று சொல்லித் திரிகிறார்கள், அது உண்மை இல்லை. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சாது. ஸ்டெம் செல் சேமிப்பது, பிறந்த உடனே கொடியின் ரத்தத்தை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் வேறு வேலை. அந்தக் கொடியை ஊறவைத்து, குழந்தைக்கு உடம்புக்கு முடியாதபோது அந்தத் தண்ணீரைக் கொடுப்பதையும் யாரும் செய்ய வேண்டாம்.

இன்று சாயங்காலம் நல்ல வெளிச்சத்தில் குழந்தையை மடியில் போட்டு, இதுவரை தடவியது ஏதாவது இருந்தால் ஆறிய வெந்நீரில் துடைத்துவிட்டு, சுற்றுத் தோலை ஒருமுறை பாருங்கள். நிறம் சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். 21ஆம் நாள் தாண்டியும் விழாவிட்டாலோ, பொட்டாகப் பட்டு நிற்காமல் ரத்தம் மறுபடி ஊறினாலோ குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதற்குள் விழுந்துவிட்டால், ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது தொப்புளையும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.